ஜூக்பாக்ஸுக்கு எதிரே ஓர் எசப்பாட்டு

அமெரிக்க கன்ட்ரி இசையின் முதல் பெண்ணியப் பாட்டு எது என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் கைகாட்டுவார்கள். 1952இல் கிட்டி வெல்ஸ் பாடிய ‘இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’. மதுக்கூடத்துத் தேவதைகளைப் படைத்தது கடவுள் இல்லை என்பது தலைப்பின் பொருள். பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் ஒரு பெண் தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது இந்தப் பாட்டில்தான். என்பிசி வானொலி இதை ஒலிபரப்ப மறுத்தது. ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் வெளியீட்டிலேயே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றன.

முதலிடம், தடை, விற்பனை. ஒரு முன்னோடிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டின் பிறப்பைத் தோண்டத் தோண்ட வேறு கேள்விகள் எழுகின்றன. இதன் சொற்களை எழுதியது ஓர் ஆண். மெட்டு, இது யாருக்குப் பதில் சொல்கிறதோ அந்த ஆணின் பாட்டிலிருந்து வந்தது. பாடியவரின் பெயர்கூட அவர் கணவர் வைத்தது. அப்படியானால் இதில் பெண்ணுடையது என்று எது இருக்கிறது? அது எவ்வளவு தூரம் போகிறது? எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? இந்தக் கட்டுரையில் நான் கேட்டுப் பார்க்க விரும்புவது இதைத்தான்.

அவன் பாட்டு

முதலில் அந்த மதுக்கூடத்தைப் பார்த்துவிடுவோம். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. அதன் பிறகு டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், எண்ணெய் வயல் தொழிலாளர்களை நம்பி மலிவான குடிக்கூடங்கள் பெருகின. அவற்றுக்கு ஹாங்கி டாங்க் என்று பெயர். குடிக்கலாம், ஆடலாம். மூலையில் ஒரு ஜூக்பாக்ஸ் இருக்கும். காசு போட்டால் நாம் தேர்ந்தெடுத்த இசைத்தட்டை ஒலிக்கும் பெட்டி. அந்தக் கூச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் அங்கே வாசிக்கப்பட்ட இசையும் சத்தமானது, மின்சார கிட்டார் வந்தது. பாடுபொருளும் மாறியது. அம்மா, மலை, தேவாலயம் பற்றிய பாட்டுகளோடு குடி, துரோகம், முறிந்த திருமணம் பற்றிய பாட்டுகளும் சேர்ந்துகொண்டன.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கான பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். கையில் சொந்தச் சம்பளம் வந்தது. போர் முடிந்ததும் ‘வீட்டுக்குப் போங்கள்’ என்றார்கள். போர்க்காலத்தில் அவசரமாக நடந்த திருமணங்கள் பல முறிந்தன. 1946இல் அமெரிக்காவில் விவாகரத்து விகிதம் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. வீட்டில் இல்லாத மனைவி என்பது அன்றைய ஆண்களின் பெரிய பயம். அந்தப் பயத்துக்கு ஜூக்பாக்ஸில் நல்ல விலை இருந்தது.

1952இல் டெக்சாஸ் பாடகர் ஹாங்க் தாம்ஸனின் ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் ஆர்லி கார்ட்டர், வில்லியம் வாரன். தாம்ஸனுக்கு முன்பே ஜிம்மி ஹீப்பின் குழு இதைப் பதிவு செய்திருந்தது. தன்னை விட்டுவிட்டு மதுக்கூடத்து விளக்கொளியைத் தேடிப் போன பெண்ணை நோக்கி ஒருவன் பாடுகிறான். அவள் தன்னோடு பேச விரும்பவில்லை என்பதால் பாட்டையே கடிதமாக்கிக்கொள்கிறான். கடைசியில் அவன் வந்து சேரும் முடிவு, இவளைப் போன்றவர்களைக் கடவுளே இப்படித்தான் படைத்திருக்கிறார் என்பது.

இந்த முடிவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவள் ஏன் போனாள் என்று அவன் கேட்கவே இல்லை. அவளுடைய செயலை அவளுடைய படைப்பாக மாற்றிவிடுகிறான். படைப்பு என்று ஆகிவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை, தன் பங்கு என்ன என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. ‘அவ அப்படிப்பட்டவ’ என்ற ஒரு வாக்கியத்தில் நம் ஊர்த் திண்ணைகள் செய்கிற வேலையை அங்கே ஒரு இசைத்தட்டு செய்தது. அதில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மெட்டு யாருடையது

தாம்ஸன் பாடிய மெட்டு புதியது இல்லை. அதே மெட்டில் 1936இல் ராய் அக்கஃப் ‘தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்’ என்ற பக்திப் பாட்டைப் பதிவு செய்திருந்தார். விவிலியத்தில் எரேமியா ஆகமத்தில் வரும் ஒரு பறவையைத் திருச்சபைக்கு உருவகமாக்கிய பாட்டு அது. நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற புகழ்பெற்ற வானொலி மேடையில் அக்கஃப்பை நட்சத்திரமாக்கியது அந்தப் பாட்டு.

அதற்கும் முன்னால், 1929இல், கார்ட்டர் குடும்பம் இந்த மெட்டைப் பதிவு செய்தது. பாட்டின் பெயர் ‘ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்’. பிரிந்து போன காதலனை நினைத்து ஏங்கும் பாட்டு. முதன்மைக் குரல் சாரா கார்ட்டருடையது. வர்ஜீனியாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த இந்தக் குழுவில் மூன்று பேர்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். மேபெல், ஏ. பி.யின் தம்பி மனைவியும்கூட. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் இவர்களுடைய முதல் பதிவு நடந்தபோது மேபெல் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சாராவோ பால்குடிக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார். கன்ட்ரி இசையின் அடித்தளம் என்று இன்று கொண்டாடப்படுவது அந்த இரண்டு பெண்களின் குரலும் கிட்டாரும்தான். ஆனால் பாட்டுகளின் உரிமை பெரும்பாலும் ஏ. பி. கார்ட்டர் பெயரில் பதிவானது. ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைத் திரட்டியது அவர் உழைப்பு, அதில் சந்தேகமில்லை. லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் அவரோடு போய், ஏ. பி. சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டுகளைத் தன் நினைவில் வாங்கிக்கொண்டு வருவார். திரட்டியவர் பெயர் நின்றது. பாடியவள், வாசித்தவள், நினைவில் சுமந்தவர் எல்லாரும் பெயருக்கு வெளியே போனார்கள்.

ஆக, ஒரு பெண்ணின் ஏக்கமாகப் பதிவான மெட்டு, ஓர் ஆணின் பக்தியாகி, இன்னோர் ஆணின் குற்றச்சாட்டாகவும் ஆனது. 1952இல் இந்த மெட்டைக் கேட்ட அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரர்களின் காதில் இந்த மூன்றும் சேர்ந்தே ஒலித்திருக்கும்.

125 டாலர்

லூசியானாவின் க்ரவுலி என்ற ஊரில் ஜே. டி. மில்லர் சொந்தமாக ‘ஃபீச்சர்’ என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்தார். தாம்ஸனின் பாட்டைக் கேட்டுவிட்டு அதே மெட்டில் ஒரு பதில் எழுதினார். நம் நாட்டுப்புறக் கலையில் எசப்பாட்டு என்கிறோமே, அந்த வகை. அமெரிக்க இசைச் சந்தையில் இது நன்கு பழகிய வியாபார உத்தி. ஒரு பாட்டு வெற்றி பெற்றால் அதற்கு எசப்பாட்டு வெளியிட்டு அந்த வெற்றியில் பங்கு கேட்பது.

மில்லரின் பாட்டை முதலில் பதிவு செய்தது கிட்டி வெல்ஸ் இல்லை. ஆல் மான்ட்கமரி என்ற பெயரில் இசைத்தட்டில் வந்த ஆலிஸ் மான்ட்கமரி என்ற பெண். அப்போது தலைப்பு கேள்வியாக இருந்தது: ஹாங்கி டாங்க் தேவதைகளைக் கடவுளா படைத்தார்? சிறிய நிறுவனம், சிறிய வட்டம். இன்று வரலாற்று நூல்களில் ஒரு வரிக்கு மேல் அவருக்கு இடமில்லை. ‘முதல்’ என்ற பட்டம் எப்போதும் முதலில் செய்தவருக்கே போய்ச் சேர்வதில்லை. விநியோக வலை யாரிடம் இருந்ததோ அவரிடம் போகிறது.

டெக்கா நிறுவனத்தின் பால் கோஹன் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு, பாட ஒரு பெண்ணைத் தேடினார். எல்லன் மியூரியல் டீஸன் 1919இல் நாஷ்விலில் பிறந்தவர். 1937இல், 18 வயதில், ஜானி ரைட் என்ற பாடகரைத் திருமணம் செய்துகொண்டார். ரைட் பிறகு ஜாக் ஆங்க்லினோடு சேர்ந்து ‘ஜானி அண்ட் ஜாக்’ என்ற இணையாகப் பெயர் பெற்றார். கணவரின் கச்சேரிகளில் மியூரியல் அவ்வப்போது பாடுவார். ‘கிட்டி வெல்ஸ்’ என்ற மேடைப்பெயரை ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்து வைத்தவர் ரைட். ஆர்சிஏ நிறுவனத்துக்காக 1949, 1950 ஆண்டுகளில் பாடிய சில பாட்டுகள் விற்கவில்லை. 1952இல் அவருக்கு வயது 32, மூன்று குழந்தைகள். பாடுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார்.

1952 மே 3. நாஷ்விலின் டூலேன் ஹோட்டலில் இருந்த காஸில் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. மேற்பார்வை ஓவன் பிராட்லி. தொழிற்சங்கம் நிர்ணயித்த 125 டாலர் கிடைக்கும் என்பதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று கிட்டி வெல்ஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இது தன் வாழ்க்கையை மாற்றும் என்றோ, யாரையாவது எதிர்க்கிறோம் என்றோ அவர் நினைக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முன்னோடி என்றால் முழங்கிக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எனக்கோ இந்த 125 டாலர் பிடித்திருக்கிறது. பெண்களின் வரலாற்றில் பல முதல் அடிகள் கூலிக்காகத்தான் எடுத்து வைக்கப்பட்டன. கூலி வேலை என்பதால் அந்த அடியின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பாட்டை வேறு யார் பாடினாலும், எத்தனை முறை பதிவு செய்தாலும், எழுதியவர் என்ற முறையில் மில்லருக்குப் பணம் போகும். அந்தப் பாட்டை உலகறியச் செய்த குரலுக்கு அப்படியான உரிமை கிடையாது. இசைத்தொழிலின் சட்டமே எழுதியவனைச் சொந்தக்காரனாகவும் பாடியவளை வேலையாளாகவும் பார்க்கிறது.

பாட்டுக்குள் ஒரு பாட்டு

இனி பாட்டுக்கு வருவோம். ஒரு பெண் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டு ஓடுகிறது. அது தாம்ஸனின் பாட்டு. அதைக் கேட்கக் கேட்க, தான் கணவனை நம்பி வாழ்ந்த நாட்கள் அவளுக்கு நினைவுக்கு வருகின்றன. பிறகு அவள் தன் வாதத்தை வைக்கிறாள். எல்லாப் பழியையும் பெண்கள் மேல் போடுவது சரியில்லை. திருமணமான ஆண்கள் தங்களைத் தனியாள் போல நினைத்துக்கொண்டு திரிவதால்தான் எத்தனையோ நல்ல பெண்கள் தடம் மாறுகிறார்கள். உடைந்த ஒவ்வொரு நெஞ்சுக்கும் பின்னால் ஓர் ஆண் இருந்திருக்கிறான்.

பாட்டின் சாமர்த்தியம் தொடக்கத்திலேயே இருக்கிறது. தாம்ஸனின் பாட்டில் எவளைப் பற்றிப் பேசப்பட்டதோ, அவளே இங்கே அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பற்றி ஆண்கள் காசு போட்டுக் கேட்கும் பாட்டை அதே அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது நமக்குத் தெரியும். பேருந்தில், தேநீர்க்கடையில், கல்லூரி விழாவில் நாமும் கேட்டிருக்கிறோம். பாடப்படுபவளை இந்தப் பாட்டு கேட்பவளாக ஆக்குகிறது. கேட்பவள் பிறகு பேசுகிறாள். அதுவும் அதே மெட்டில். அவன் குற்றம் சாட்டிய அதே ஏற்ற இறக்கத்தில் அவளுடைய மறுப்பு வருவதால், கேட்கிறவர் காதில் அவன் பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கிட்டி வெல்ஸின் குரல்தான் இதற்கு வலு. கோபமில்லை, விம்மல் இல்லை. தேவாலயத்தில் பாடிப் பழகிய, லேசாக மூக்கில் ஒலிக்கும் குரல். எந்த அலங்காரமும் இல்லாமல் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. அழுதுகொண்டு பாடியிருந்தால் பரிதாபமாகியிருக்கும். கத்தியிருந்தால் அடங்காப்பிடாரி என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் சாட்சி சொல்வது போலப் பாடுகிறார். எழுத்து மில்லருடையதாக இருந்தாலும் இந்த நிதானம் மில்லர் எழுதியது இல்லை. இந்தப் பாட்டில் பெண்ணுடையது எது என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

ஆனால் வாதத்தின் உள்ளே போனால் ஒரு சுவர் தட்டுகிறது. கடவுள் படைத்தார் என்பதை அவள் மறுக்கிறாள். இது பெரிய விஷயம். ‘இயல்பு’ என்று சொல்லப்பட்டதை ‘நடந்தது’ என்று மாற்றுகிறாள். நடந்தது என்றால் நடத்தியவன் உண்டு. ஆனால் மதுக்கூடத்துக்கு வந்த பெண் ‘தடம் மாறியவள்’ என்பதை அவள் மறுக்கவில்லை. அவள் ஏன் கெட்டுப்போனாள் என்பதில்தான் இரண்டு பாட்டுக்கும் சண்டை. கெட்டுப்போனாள் என்பதில் இரண்டுக்கும் உடன்பாடு. வேலை முடிந்து வந்து ஒரு கோப்பை பியர் குடிக்க, ஆட, யாரையாவது பார்க்க, தனக்குப் பிடித்திருக்கிறது என்பதாலேயே ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கலாமே! அந்தப் பெண்ணுக்குத் தாம்ஸனின் பாட்டிலும் இடமில்லை, வெல்ஸின் பாட்டிலும் இடமில்லை. பாதிக்கப்பட்டவளாக வந்தால் மட்டும் பெண்ணின் வாக்குமூலம் காதில் ஏறும். அதே நிபந்தனையோடுதான் இன்றும் பெண்கள் காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் பேச வேண்டியிருக்கிறது.

தடை செய்யப்பட்டது எது

இவ்வளவு அடக்கமான வாதத்தைக்கூடப் பொறுக்க முடியவில்லை. பாட்டு விரசமாக இருக்கிறது என்று என்பிசி வானொலி ஒலிபரப்பவில்லை. கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் தொடக்கத்தில் அவர் இதைப் பாட அனுமதிக்கவில்லை.

விரசம் என்ற காரணம் எவ்வளவு உண்மை? தாம்ஸனின் பாட்டிலும் அதே மதுக்கூடம், அதே தேவதை, அதே சொல். 1949இல் ஜிம்மி வேக்லியும் மார்கரெட் வைட்டிங்கும் சேர்ந்து பாடிய ‘ஸ்லிப்பிங் அரௌண்ட்’ கள்ளக்காதலைப் பற்றிய பாட்டு. அது கன்ட்ரி பட்டியலில் 17 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆக, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைப் பாடுவது அன்றைக்குப் பழகிப்போன விஷயம். பழகாதது, ஒரு பெண் தனியாக நின்று, ‘திருமணமான ஆண்கள்’ என்று பொதுவாகச் சுட்டிக் குற்றம் சொல்வது. ஒரு குறிப்பிட்ட கணவன் மேல் புகார் சொன்னால் அது குடும்பச் சண்டை. ஆண்கள் என்று பன்மையில் சொன்னதும் அது அரசியல் ஆகிவிட்டது. அந்தப் பன்மைதான் சுட்டது என்று நான் நினைக்கிறேன்.

தடையை மீறிப் பாட்டு பரவியதற்கு ஜூக்பாக்ஸ் முக்கியமான காரணம். வானொலியில் எது வர வேண்டும் என்பதை ஒரு நிறுவனம் தீர்மானிக்கும். ஜூக்பாக்ஸில் எது ஓட வேண்டும் என்பதைக் கையில் சில்லறை வைத்திருப்பவர் தீர்மானிப்பார். எந்தப் பெட்டியிலிருந்து அவள் மேல் பழி வந்ததோ, அதே பெட்டிக்குள் அவள் பதிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

சாரா செய்தது

இந்த மெட்டின் கதையில் நான் விட்டுவைத்த ஒரு பகுதி இருக்கிறது. சாரா கார்ட்டரின் திருமணம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஏ. பி. பாட்டு தேடி ஊர் சுற்ற, குழந்தைகளும் விறகும் வயலும் சாராவின் தலையில் விழுந்தன. ஏ. பி.யின் உறவினரான கோய் பேஸ் என்பவரோடு சாராவுக்குக் காதல் ஏற்பட்டது. பேஸின் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. சாரா கணவரைப் பிரிந்தார், விவாகரத்தும் ஆனது. ஆனால் குழு பிரியவில்லை. பிழைப்பு அதில்தான் இருந்தது. பிரிந்த கணவருக்குப் பக்கத்தில் நின்று சாரா பல ஆண்டுகள் தொடர்ந்து பாடினார்.

1930களின் இறுதியில் இந்தக் குழு டெக்சாஸ் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் இருந்த எக்ஸ்இஆர்ஏ வானொலியில் பாடிவந்தது. அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் கேட்கும் அளவு சக்தி வாய்ந்த நிலையம் அது. ஒரு நாள் சாரா அந்த ஒலிவாங்கியின் முன்னால் நின்று, கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேஸுக்கு என்று பெயர் சொல்லி ஒரு பாட்டைக் காணிக்கையாக்கினார். அந்தப் பாட்டு ‘ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்’. பேஸ் அதைக் கேட்டார், டெக்சாஸுக்குப் புறப்பட்டு வந்தார். 1939இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதாவது, தாம்ஸன் பாட்டில் வரும் பெண் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்தை, கணவனை விட்டுத் தன் விருப்பத்தைத் தேடிப் போவதை, ரத்தமும் சதையுமான ஒரு பெண் அந்தப் பாட்டு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். அதுவும் இதே மெட்டைத் தூதாக அனுப்பி. அவரைக் கடவுள் அப்படிப் படைக்கவில்லை. எந்த ஆணும் அவரைக் கெடுத்துவிடவும் இல்லை. அவர் ஒருவரை விரும்பினார், அவ்வளவுதான். அந்த விருப்பத்தை 1952இன் இரண்டு பாட்டுகளாலும் சொல்ல முடியவில்லை. பதிவான சொற்களை மட்டும் படித்தால் இது தெரியாது. ஒரு பாட்டின் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து எழுத வேண்டிய தேவை இங்கேதான் எனக்குப் புரிகிறது.

யார் நல்ல பெண்

கிட்டி வெல்ஸ் மேடையில் கழுத்து வரை மூடிய, கட்டம் போட்ட பருத்தி கவுன் அணிவார். பக்கத்தில் எப்போதும் கணவர் இருப்பார். மதுக்கூடத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை அவருடைய ஒவ்வொரு படமும் சொல்லும். அவர் கபடம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிம்பம் ஒரு நுழைவுச்சீட்டாகவும் இருந்தது. மதுக்கூடத்துப் பெண்ணுக்காகப் பேச, மதுக்கூடத்துக்கே போகாத ஒரு குடும்பப்பெண் தேவைப்பட்டாள். மதுக்கூடத்தில் வேலை செய்த, ஆடிய, குடித்த பெண் ஒருத்தி இதையே பாடியிருந்தால் கேட்டிருப்பார்களா?

அந்த ‘நல்ல பெண்’ வெள்ளைக்காரியும்கூட. அவர் கணவர் தேர்ந்தெடுத்த பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ‘ஸ்வீட் கிட்டி வெல்ஸ்’ என்பது, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடித்த மின்ஸ்ட்ரல் மேடைகளின் காலத்துப் பாட்டு. இறந்துபோன கறுப்பினக் காதலியை நினைத்து அழும் பாட்டு அது. அந்தப் பெயர் வெள்ளை ‘கன்ட்ரி அரசி’யின் பெயரானது. ஒரு கறுப்பினப் பெண் தனியாக கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பாட 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் லிண்டா மார்ட்டெல்.

மில்லரின் மறுபக்கமும் இதோடு சேர்ந்தது. கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களைப் பதிவு செய்து சம்பாதித்த அதே மனிதர், 1960களில் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ‘ரெப் ரெபல்’ என்ற பெயரில் அப்பட்டமான இனவெறிப் பாட்டுகளை வெளியிட்டார். பழியைப் பெண்கள் மேல் போடாதீர்கள் என்று எழுதிய கை, கறுப்பினத்தவர் மேல் வசையைப் பாட்டாக்கி விற்கவும் செய்தது. இரண்டையும் சந்தை வாங்கியது. ஒரு பாட்டு விடுதலையின் பக்கம் நிற்கிறது என்பதால் அதை எழுதியவரும் அங்கே நிற்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

பதிலுக்குப் பிறகு

ஒரு பெண்ணைத் தலைமையாக வைத்துக் கச்சேரி நடத்தாதே, கூட்டம் வராது என்று ராய் அக்கஃப், ஜானி ரைட்டுக்கு அறிவுரை சொன்னதாகச் சொல்வார்கள். ரைட் அதைக் கேட்கவில்லை. பெண் பாடினால் விற்காது என்ற தொழில் நம்பிக்கையை 1952இன் விற்பனை உடைத்தது. நிறுவனங்கள் பெண் பாடகர்களைத் தேடத் தொடங்கின. ஆனால் என்ன பாடச் சொல்லித் தேடின? அடுத்து 1953இல் முதலிடம் பிடித்த கோல்டி ஹில்லின் பாட்டும், ஓர் ஆணின் வெற்றிப் பாட்டுக்கான எசப்பாட்டுதான். கிட்டி வெல்ஸே அதே ஆண்டில் வெப் பியர்ஸின் ‘பேக் ஸ்ட்ரீட் அஃபேர்’ பாட்டுக்கு எசப்பாட்டு பாடினார். நம் நாட்டுப்புற எசப்பாட்டில் யார் வேண்டுமானாலும் முதலில் எடுத்துக் கொடுக்கலாம். இந்தச் சந்தையில் எடுத்துக் கொடுப்பது ஆண், இசைந்தோ எதிர்த்தோ பாடுவது பெண் என்று ஒரு வரிசை உண்டாகிவிட்டது. அவன் தொடங்காவிட்டால் அவளுக்குப் பேச்சே இல்லை.

அந்த வரிசை உடையக் கொஞ்சம் காலம் ஆனது. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின், கிட்டி வெல்ஸைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தன் பாட்டுகளைப் பெரும்பாலும் தானே எழுதினார். குடித்துவிட்டுப் படுக்கைக்கு வராதே என்று கணவனுக்குச் சொல்லும் பாட்டு 1967இல் முதலிடம் வந்தது. கருத்தடை மாத்திரையைக் கொண்டாடும் ‘தி பில்’ 1975இல் வெளியானபோது பல வானொலி நிலையங்கள் அதை மறுத்தன. அது எந்த ஆணின் பாட்டுக்கும் பதில் இல்லை. பெண் தன் உடம்பைப் பற்றித் தானே தொடங்கிய பேச்சு. கிட்டி வெல்ஸின் பாட்டு திறந்த கதவு வழியாகத்தான் லின் வந்தார். ஆனால் அந்தப் பாட்டு நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை.

வசைச்சொல்லும் இடம் மாறியது. 1993இல் டாலி பார்ட்டன், லொரெட்டா லின், டாமி வைனெட் மூவரும் சேர்ந்து ‘ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’ என்று பெயர் வைத்தே ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். முதல் பாட்டாக இதையே வைத்து, எழுபது வயதைக் கடந்த கிட்டி வெல்ஸையும் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். ஆண் கொடுத்த பட்டத்தைப் பெண்கள் தங்கள் கூட்டத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கிட்டி வெல்ஸ் 2012இல், 92 வயதில் காலமானார்.

கதை வெற்றியில் முடிகிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் 2015இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், கன்ட்ரி நிலையங்கள் பெண்களின் பாட்டுகளை அடுத்தடுத்து போடக் கூடாது என்றார். கன்ட்ரி வானொலி ஒரு சாலட் என்றால் ஆண்கள் அதில் கீரை, பெண்கள் ஆங்காங்கே தூவும் தக்காளி என்பது அவர் உவமை. அக்கஃப் சொன்னதாகச் சொல்லப்படும் அறிவுரை அறுபது ஆண்டு கழித்தும் புள்ளிவிவர வேடத்தில் திரும்பி வந்தது. பெண்கள் விற்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை, விற்பனையால் ஒரு முறை உடைந்தால் போதாது. அது தன்னைத் திரும்பத் திரும்ப ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஆகவே மாணவிகள் யாராவது இந்தப் பாட்டு பெண்ணியப் பாட்டா என்று என்னிடம் கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். அதோடு சேர்த்து, எந்தப் பாட்டைக் கேட்டாலும் யார் முதலில் பேசினார்கள், சொல் யாருடையது, குரல் யாருடையது, பணம் யாருக்குப் போனது, யாரைப் பாட விடவில்லை என்ற ஐந்தையும் விசாரிக்கச் சொல்வேன். இந்தப் பாட்டை அப்படி விசாரித்தால் கிட்டி வெல்ஸின் நிதானமான குரல் சிறுத்துவிடுவதில்லை. அதன் பக்கத்தில் ஆலிஸ் மான்ட்கமரியும், எல்லை தாண்டிய வானொலியில் ஒரு பெயரைத் துணிந்து சொன்ன சாராவும் வந்து நிற்கிறார்கள். ஜூக்பாக்ஸ் ஓடும் அறையில், யாரும் ஏமாற்றாமலேயே, தன் விருப்பத்தின் பேரில் வந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளுக்கான பாட்டை அந்த மெட்டில் யாரும் இதுவரை எனக்குப் பாடிக் காட்டவில்லை.